தப்பு எங்கே? சூரியக் காற்றைக் கண்டவரின் கதை

சூரியனிலிருந்து வெளிச்சம் வருகிறது. உஷ்ணம் வருகிறது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சூரியனிலிருந்து காற்றும் வருகிறது! இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆம், காற்றுதான். இரவு பகல் ஓயாமல் சூரியனிலிருந்து ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 400 கிலோ மீட்டர் வேகம்! அந்த வேகத்தில் போக முடிந்தால், சென்னையிலிருந்து டில்லிக்கு ஐந்தாறு வினாடியில் போய்விடலாம். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே உள்ள தூரம் 15 கோடி கிலோ மீட்டர். அந்தத் தூரத்தை இந்தக் காற்று நாலைந்து நாளில் கடந்து வந்துவிடுகிறது.

இப்படி ஒரு காற்று வீசியே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் ராக்கெட்டில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு சொன்னார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

அவர் சொன்னதை நிபுணர்கள் ஏற்கவில்லை. அபத்தம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் ஒரு பெரியவர் மட்டும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தார்: கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது? அந்தப் பெரியவர் நம் சென்னையில் படித்து வளர்ந்தவர்.

"தப்பு எங்கே?" என்ற அந்தக் கேள்வி நம் வீட்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ஆபீசுக்கும் மிகவும் தேவை என்பது நம் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறோம். முதலில் கதையைக் கேளுங்கள்.

நாலாவது நிலை

பார்க்கர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பொருளுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது என்ன?

பனிக்கட்டி கெட்டியான பொருள். அதைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி. இந்த மூன்று நிலைகளும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. ஆவியை இன்னும் பல ஆயிரம் டிகிரி சூடாக்கினால் என்ன ஆகும்? அதன் அணுக்களே உடைந்துபோகும். அணுவோடு ஒட்டியிருந்த எலெக்ட்ரான்கள் கழன்று தனியே ஓடும். மின்சாரம் ஏறிய இந்தத் துகள் கூட்டம்தான் பிளாஸ்மா. இது பொருளின் நாலாவது நிலை.

மழைக்காலத்தில் வானத்தில் பளிச்சிடும் மின்னல் கீற்று பிளாஸ்மாதான். எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். சூரியனோ முழுக்க முழுக்கப் பிளாஸ்மாவால் ஆன உருண்டை.

சாதாரண வாயுவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மின்சாரம் ஏறியிருப்பதால் பிளாஸ்மா காந்தத்துக்குக் கட்டுப்படும். காந்த சக்தியைத் தன்னோடு இழுத்துக்கொண்டும் போகும். மாடும் வண்டியும் போல, ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். விண்வெளியில் நடக்கும் பல அதிசயங்களுக்கு இதுவே காரணம்.

யார் இந்தப் பார்க்கர்?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். அங்கே ஹாட்டன் என்ற ஊர். அந்த ஊரில் 1927-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி பார்க்கர் பிறந்தார். அந்த மாநிலத்திலேயே படித்து 1948-ல் பட்டம் பெற்றார். 1951-ல் கலிபோர்னியாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு யூட்டா சர்வகலாசாலையில் நாலு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1955-ல் சிகாகோ சர்வகலாசாலைக்கு வந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

சிகாகோவில் ஜான் சிம்ஸன் என்ற பேராசிரியர் அண்டக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இவை வெகு தூரத்து விண்வெளியிலிருந்து வந்து பூமியில் விழும் கதிர்கள். சூரியனில் கொந்தளிப்பு அதிகமானால், பூமிக்கு வரும் அண்டக் கதிர்கள் குறைந்தன. ஏன்? சூரியனிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி வந்து அவற்றைத் தள்ளிவிடுகிறதா? இந்தக் கேள்வி பார்க்கரைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு பெரியவர்கள், இரண்டு கருத்துகள்

அந்தக் காலத்தில் இது சம்பந்தமாக இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒருவர் லுட்விக் பியர்மன். ஜெர்மனி தேசத்தவர். அவர் வால் நட்சத்திரங்களைக் கவனித்தார். ஓடுகிற ரயில் எஞ்சினின் புகை பின்னால்தான் போகும். ஆனால் வால் நட்சத்திரத்தின் வால் அப்படி இல்லை. சூரியனை நோக்கி வரும்போது வால் பின்னால் இருக்கிறது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னால் போகிறது! எந்தச் சமயத்திலும் வால் சூரியனுக்கு எதிர்ப் பக்கமாகவே நீளுகிறது. காற்றில் கொடி பறப்பது போல! ஆகவே சூரியனிலிருந்து எப்போதும் துகள்கள் பாய்ந்து வருகின்றன என்றார் பியர்மன்.

இன்னொருவர் சிட்னி சாப்மன். இங்கிலாந்து தேசத்தவர். பூமியின் காந்த சக்தியை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர். முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி வெள்ளை ஒளி கிரீடம்போலத் தெரியும். இதைச் சூரிய கிரீடம் என்று சொல்லலாம். சூரியனின் மேற்பரப்பில் உஷ்ணம் சுமார் 5,500 டிகிரிதான். அதற்கு மேலே உள்ள கிரீடத்திலோ 10 லட்சம் டிகிரிக்கு மேல்! இவ்வளவு சூடான வாயு சூரியனோடு நின்றுவிடாது, பூமியையும் தாண்டிப் பரவியிருக்கும் என்று சாப்மன் கணக்குப் போட்டார். ஆனால் அது அசையாமல் நிற்கிறது என்பது அவர் முடிவு.

ஒருவர் பாய்ந்து வருகிறது என்கிறார். மற்றவர் அசையாமல் நிற்கிறது என்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள். இருவரிடமும் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இரண்டும் எப்படி இருக்க முடியும்?

பெரியவர்கள் இருவரில் யார் பெரியவர் என்று பார்க்கர் பார்க்கவில்லை. இருவருடைய கணக்கையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். ஒருவேளை இரண்டும் ஒன்றுதானோ என்று யோசித்தார்.

மூடி இல்லாத பானை

அடுப்பில் பானை கொதிக்கிறது. கனமான மூடி போட்டு அழுத்தி வைத்தால் ஆவி உள்ளேயே முட்டிக்கொண்டிருக்கும். மூடியை எடுத்துவிட்டால்? ஆவி மேலே கிளம்பிவிடும்.

சூரிய கிரீடத்தின் கதையும் அதுதான். சூரியனின் இழுப்பு சக்தி அந்த வாயுவைப் பிடித்து வைக்கப் பார்க்கிறது. ஆனால் தூரம் போகப் போக இழுப்பு குறைந்துவிடுகிறது. உஷ்ணமோ அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வாயு அசையாமல் நிற்கவேண்டுமானால் வெளியிலிருந்து ஏதாவது அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். விண்வெளியில் அப்படிப் பிடிக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. பானைக்கு மூடி இல்லை!

ஆகவே கிரீடத்து வாயு நிற்காது. முதலில் மெதுவாகக் கிளம்பும். போகப் போக வேகம் எடுக்கும். கடைசியில் ஒலியின் வேகத்தையும் மிஞ்சி, வினாடிக்குச் சில நூறு கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். சூரியனுக்குப் பக்கத்தில் அது சாப்மனின் வாயு. தூரத்தில் அதுவே பியர்மனின் பாய்ச்சல்!

இதற்குப் பார்க்கர் சூரியக் காற்று என்று பெயர் வைத்தார். இன்னொன்றும் சொன்னார். இந்தக் காற்று சூரியனின் காந்த சக்தியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சூரியனோ தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்குச் சங்கு சக்கரம் கொளுத்துகிறோம் அல்லவா? பொறிகள் நேராகத்தான் பறக்கின்றன. சக்கரம் சுற்றுவதால் பார்வைக்கு வளைந்து தெரிகின்றன. அதே போல விண்வெளியில் சூரியனின் காந்தக் கோடுகள் சுருளாக வளைந்திருக்கும் என்றார். இன்றும் விஞ்ஞான உலகம் அதைப் பார்க்கர் சுருள் என்றே அழைக்கிறது.

திரும்பி வந்த கட்டுரை

பார்க்கர் தம் கணக்கைக் கட்டுரையாக எழுதி, வானநூல் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். விஞ்ஞானப் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. வரும் கட்டுரையை அந்தத் துறையில் தேர்ந்தவர்களிடம் கொடுத்து, சரிதானா என்று பார்க்கச் சொல்வார்கள்.

பார்க்கரின் கட்டுரையைப் பார்த்த ஒரு நிபுணர், இதைப் பற்றி எழுதுவதற்கு முன் இவர் புத்தகசாலைக்குப் போய்க் கொஞ்சம் படிக்கட்டும் என்று எழுதிவிட்டார். கட்டுரை இன்னொரு நிபுணரிடம் போயிற்று. அவரும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்.

முப்பது வயது இளைஞருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் பார்க்கர் கோபப்படவில்லை. நிபுணர்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. இரண்டு பேரும் கருத்து பிடிக்கவில்லை என்றார்களே தவிர, கணக்கில் இன்ன இடத்தில் தப்பு என்று ஒருவரும் காட்டவில்லை!

இதை அவர் பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னார். அந்த ஆசிரியர் யார்?

சென்னையில் படித்தவர்

அவர்தான் சுப்ரமண்யன் சந்திரசேகர். சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930-ல், பத்தொன்பதாவது வயதில், மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு சிகாகோ சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். 1952 முதல் 1971 வரை அந்த வானநூல் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார்.

இரண்டு நிபுணர்களும் தப்பு என்கிறார்களே, நிச்சயமாக இதைப் பிரசுரிக்க வேண்டுமா என்று அவர் பார்க்கரை விசாரித்தார். கணக்கில் அவர்கள் ஒரு பிழையும் காட்டவில்லையே என்றார் பார்க்கர்.

சந்திரசேகருக்கும் சூரியக் காற்றில் நம்பிக்கை இல்லை. அந்தக் கருத்து அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் பிழை காட்ட முடியாத கணக்கைத் தடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார். 1958 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது.

வாசகர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நமக்குப் பிடித்த கருத்துக்கு இடம் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. நமக்குப் பிடிக்காத கருத்துக்கு, அதில் பிழை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இடம் கொடுப்பதுதான் பெரிய காரியம். அதற்குப் பெரிய மனது வேண்டும்.

அந்த மனது அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய இளமையைப் பார்த்தால் ஒரு காரணம் தோன்றுகிறது.

1935 ஜனவரி 11-ந் தேதி, லண்டனில் வானநூல் சங்கக் கூட்டம். இளைஞர் சந்திரசேகர் தம் கணக்கை விளக்கினார். எரிந்து தீர்ந்த நட்சத்திரத்தின் எடை ஓர் அளவைத் தாண்டினால், அது சாதாரணமாக அடங்கி நிற்க முடியாது என்பது அவர் கண்டது. அந்த அளவு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. உடனே எழுந்தார் எடிங்டன். அந்த நாளில் வானநூலில் அவருக்கு மேல் ஆள் இல்லை. நட்சத்திரம் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று கேலியாகப் பேசினார். கூட்டம் சிரித்தது. கணக்கில் பிழை எங்கே என்று எடிங்டனும் காட்டவில்லை.

சந்திரசேகரின் கணக்குச் சரி என்று பின்னால் உலகம் ஒப்புக்கொண்டது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடுவே 48 வருஷங்கள் ஓடிவிட்டன!

நம் ஊரில் மாமியாரிடம் கொடுமைப்பட்ட சில பெண்கள் தாங்கள் மாமியாரானதும் அதே கொடுமையைச் செய்வது உண்டு. வேறு சிலர் தாங்கள் பட்ட பாடு இன்னொருத்திக்கு வேண்டாம் என்று நினைப்பார்கள். தம்மைக் கேலி செய்த வழியிலேயே பார்க்கரையும் கேலி செய்து அனுப்பச் சந்திரசேகருக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை.

நாலு வருஷத்தில் நிரூபணம்

கட்டுரை வந்த பிறகும் பலர் நம்பவில்லை. ஆனால் அது ராக்கெட் யுகம் பிறந்த நேரம். 1959-ல் ருஷ்யாவின் லூனா விண்கலங்கள் சந்திரனை நோக்கிப் போயின. அவற்றில் இருந்த கருவிகள் விண்வெளியில் மின்துகள்கள் பாய்வதைக் காட்டின. 1962 ஆகஸ்டில் அமெரிக்கா மாரினர்-2 என்ற விண்கலத்தைச் சுக்கிரனுக்கு அனுப்பியது. மார்சியா நியூகெபாவர் என்ற பெண் விஞ்ஞானியும் கான்வே ஸ்னைடர் என்பவரும் அதில் ஒரு கருவியை வைத்திருந்தார்கள்.

மாரினர்-2 மூன்று மாதத்துக்கு மேல் பிரயாணம் செய்தது. வழி நெடுகச் சூரியக் காற்று ஓயாமல் வீசியது! அதன் வேகமும் பார்க்கர் சொன்னபடியே வினாடிக்குச் சில நூறு கிலோ மீட்டர். பிறகு வாதத்துக்கு இடம் இல்லை.

சந்திரசேகர் தம் சொந்த அபிப்பிராயத்தைப் பெரிதாக நினைத்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தால், மாரினர் கண்டதை விளக்கக் கணக்கு தயாராக இருந்திருக்காது.

நமக்கு என்ன சம்பந்தம்?

"அது எங்கேயோ ஆகாயத்தில் வீசுகிறது. நமக்கென்ன?" என்று நினைக்கலாம். நமக்குச் சம்பந்தம் உண்டு.

நம் பூமியும் ஒரு பெரிய காந்தம். சூரியக் காற்று வந்து மோதும்போது இந்தக் காந்த சக்தி அதைத் தடுத்து ஒதுக்குகிறது. ஆற்றில் வெள்ளம் வரும்போது பாலத்துத் தூணைப் பாருங்கள். தண்ணீர் தூணில் மோதி இரண்டாகப் பிரியும். தூணுக்குப் பின்னால் நீளமாக ஒரு தடம் தெரியும். பூமியும் அப்படித்தான். சூரியன் இருக்கும் பக்கத்தில் சுமார் 65,000 கிலோ மீட்டர் தூரத்திலேயே காற்று ஒதுக்கப்படுகிறது. இரவுப் பக்கத்தில் பூமியின் காந்த சக்தி வால் போலப் பல லட்சம் கிலோ மீட்டர் நீளுகிறது. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் சந்திரனே இந்த வாலுக்குள் புகுந்து போகிறது!

இந்தப் பிரதேசத்துக்குக் காந்த மண்டலம் என்று பெயர். இதற்கு உள்ளே பூமியைச் சுற்றி மின்துகள் வளையங்கள் இருப்பதை 1958-ல் வான் ஆலன் என்ற விஞ்ஞானி கண்டார். பார்க்கரின் கட்டுரை வந்ததும் அதே வருஷம்தான்.

சில சமயம் சூரியனில் பெரும் வெடிப்பு உண்டாகும். கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா ஒரே மூச்சில் கிளம்பி வரும். அப்போது பூமியின் காந்த மண்டலம் ஆட்டம் காணும். 1859-ல் அப்படி ஒரு புயல் வந்தபோது தந்திக் கருவிகளில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச் 13-ந் தேதி கனடாவில் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. 60 லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். 2024 மே மாதம் வந்த புயலின்போது, துருவப் பகுதியில் தெரியும் ஒளி நம் லடாக்கின் ஹான்லே வானத்திலேயே சிவப்பாகத் தெரிந்தது.

இன்று டெலிவிஷன், டெலிபோன், கப்பல், விமானம், வானிலை அறிவிப்பு என்று எத்தனையோ காரியங்களுக்குச் செயற்கைக் கோள்களை நம்பியிருக்கிறோம். சூரியப் புயல் அவற்றைப் பாதிக்கும். ஆகவேதான் இந்தியாவும் 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்துக்குப் போய்ச் சூரியனைக் கவனிப்பது அதன் வேலை. அதில் சூரியக் காற்றை அளக்கும் கருவிகளும் உண்டு. அந்தத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்ற பெண்மணி.

தம் கணக்கையும் சோதித்தவர்

ஒருமுறை ஜெயித்துவிட்டால் சிலர் தாங்கள் சொல்வதே வேதம் என்று நினைப்பார்கள். பார்க்கர் அப்படி இல்லை.

எதிரும் புதிருமான காந்தக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கினால் அறுந்து, புதிய விதமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது சக்தி வெளிப்படும். இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்குப் பீட்டர் ஸ்வீட் என்ற விஞ்ஞானியின் யோசனையைப் பின்பற்றி பார்க்கர் ஒரு கணக்குக் கொடுத்தார். அதற்கு இருவர் பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் சூரியனில் வெடிப்புகள் நிமிஷக் கணக்கில் நடந்துவிடுகின்றன. அந்தக் கணக்குப்படியோ வெகு காலம் ஆகும். தம் கணக்கு இதற்குப் போதாது என்று 1963-ல் பார்க்கரே எழுதினார். பிறர் வந்து பிழை காட்டும்வரை அவர் காத்திருக்கவில்லை.

சூரியனின் மேற்பரப்பைவிடக் கிரீடம் ஏன் அதிகச் சூடாக இருக்கிறது என்ற கேள்விக்கு 1988-ல் அவர் ஒரு விடை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் குட்டி வெடிப்புகளே காரணமாக இருக்கலாம் என்றார். அது முழுவதும் சரிதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் சொல்லிவிட்டார் என்று யாரும் சோதனையை நிறுத்திவிடவில்லை. அதுதான் சரியான மரியாதை.

நம் வீட்டில் என்ன நடக்கிறது?

இனி நம் கதைக்கு வருவோம்.

பையன் சாப்பிடும்போது ஏதோ கேட்கிறான். நமக்கு விடை தெரியவில்லை. "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் கணக்கை வேறு வழியில் போட்டு, சரியான விடை கொண்டுவருகிறாள். நோட்டில் எழுதிக் கொடுத்த வழி இது இல்லை என்று அடித்துவிடுகிறார்கள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு யோசனை சொல்கிறார். "நேற்று வந்தவர் நமக்குச் சொல்லித்தருகிறாரா?" என்று சிரிக்கிறார்கள். வீட்டில் மருமகள் செலவைக் குறைக்க வழி சொன்னால், "இத்தனை காலம் நாங்கள் குடித்தனம் நடத்தவில்லையா?" என்கிறார்கள்.

இவற்றில் ஒரு இடத்திலாவது "தப்பு எங்கே?" என்ற கேள்வி வந்ததா? இல்லை. "நீ யார்? உனக்கு என்ன வயசு?" என்ற கேள்விதான் வந்தது.

வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள்தான் பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். அந்தத் திறமையைப் பிழை கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள், வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

"அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கூடாது. திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் பார்க்கர் ஆகிவிட மாட்டார்கள். இன்று கையில் இருக்கும் டெலிபோனில் தினமும் நூறு செய்திகள் வருகின்றன. இதைத் தின்றால் அந்த வியாதி போகும் என்கிறார்கள். நாளைக்கு உலகம் அழியும் என்கிறார்கள். இவர்களும் "நிபுணர்கள் எங்களை ஒதுக்குகிறார்கள்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களுக்கும் பார்க்கருக்கும் என்ன வித்தியாசம்?

பார்க்கர் தம் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். எந்த வரியில் வேண்டுமானாலும் கை வைத்துக் கேட்கலாம். காற்று இன்ன வேகத்தில் வீசும் என்று எண்ணைச் சொன்னார். போய் அளந்து பார்த்தால் நான்கு வருஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்! தப்பு என்று தெரிய வழி வைத்துப் பேசியவர் அவர். வதந்தி பரப்புகிறவர்கள் கணக்கும் காட்டுவதில்லை; அளக்க வழியும் வைப்பதில்லை.

ஆகவே "தப்பு எங்கே?" என்ற கேள்வி இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. அது பெரியவர்களையும் பிடிக்கும், சிறியவர்களையும் பிடிக்கும். பிழையைக் காட்டாமல் தள்ளுவது பெரியவர்களின் குற்றம். கணக்கைக் காட்டாமல் நம்பச் சொல்வது சிறியவர்களின் குற்றம்.

சூரியனுக்குப் போன கட்டுரை

பார்க்கர் 1995-ல் ஓய்வு பெற்றார். 2003-ல் ஜப்பானின் கியோட்டோ பரிசும், 2020-ல் ஸ்வீடனின் கிராஃபோர்டு பரிசும் அவருக்குக் கிடைத்தன. இவற்றைவிடப் பெரிய பெருமை 2017-ல் வந்தது. சூரியனை நெருங்கி ஆராய அமெரிக்கா அனுப்பிய விண்கலத்துக்குப் பார்க்கர் என்றே பெயர் வைத்தார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரை அந்த நாட்டு விண்வெளி நிலையம் ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் தடவை. 2018 ஆகஸ்ட் 12-ந் தேதி ராக்கெட் கிளம்பியதை 91 வயதுப் பார்க்கர் நேரில் பார்த்தார்.

2021-ல் அந்த விண்கலம் சூரிய கிரீடத்துக்குள்ளேயே நுழைந்தது. பார்க்கர் அந்தச் செய்தியைக் கேட்கும்வரை இருந்தார். 2022 மார்ச் 15-ந் தேதி, 94-வது வயதில், சிகாகோவில் காலமானார். 2024 டிசம்பர் 24-ந் தேதி அவர் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனின் மேற்பரப்புக்கு மேலே 61 லட்சம் கிலோ மீட்டர் தூரம்வரை நெருங்கியது. அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம் கிலோ மீட்டர்!

அவருக்கு இடம் கொடுத்த சந்திரசேகர் பெயரிலும் ஒரு விண்கலம் உண்டு. 1999-ல் அனுப்பப்பட்ட அந்த எக்ஸ்-ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர்.

இன்னொரு செய்தி. பார்க்கர் விண்கலத்தில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறார்கள். அதில் 11 லட்சத்துக்கும் அதிகமான பொதுமக்களின் பெயர்கள் இருக்கின்றன. பார்க்கரின் படங்கள் இருக்கின்றன. அவற்றோடு அவர் எழுதிய ஒரு கட்டுரையின் பிரதியும் இருக்கிறது. எந்தக் கட்டுரை தெரியுமா? இரண்டு நிபுணர்கள் வேண்டாம் என்று திருப்பிய அதே 1958-ம் ஆண்டுக் கட்டுரை!

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நாளைக்கு உங்கள் பிள்ளையோ மாணவியோ புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தால், உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். உடனே விரட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். தப்பு இல்லையென்றால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வழியை விடுங்கள்.